கிளைடர் சரியாகப் பறக்கவில்லையா? முதலில் மரத்தைப் பாருங்கள்

காவேரிப்பட்டணத்துப் பக்கம் தண்ணீர் வற்றிய ஏரி ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் கிளைடர் விடுகிறோம், அதாவது பால்சா என்ற இலகுவான மரத்தில் செய்த, மிதந்து இறங்கும் மாதிரி விமானம். வெயில் ஏறுவதற்குள், காற்று எழும்புவதற்குள், இரண்டு மணி நேரம். ஒவ்வொரு வாரமும் யாராவது ஒரு பையன், “அண்ணா, இது ஏன் இப்படிப் போகுது?” என்று கேட்டபடி விமானத்தைத் தூக்கிக்கொண்டு வருவான். வாங்கிப் பார்த்தால் வரைபடத்தில் தப்பு இருக்காது, ஒட்டியதிலும் பெரிதாகத் தப்பு இருக்காது. கைக்கு வந்த பால்சா ஷீட்டை (மெல்லிய மரத்தகட்டை) எடுத்து, எந்த இடத்துக்கு எந்த மரம் என்று பார்க்காமல் வெட்டியிருப்பான். அந்தக் குறைதான் மேலே போனதும் வெளியே தெரிகிறது.

அதனால் இதைக் குறையிலிருந்து தொடங்கி எழுதுகிறேன். உங்கள் விமானம் என்ன செய்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் அதற்கு முன் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: எடை, ரேகை.

எடை பார்ப்பது

பால்சா என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்துவிடக் கூடாது. ஈக்வடாரிலிருந்து அதிகமாக வரும் இந்த மரம் ஐந்தாறு வருடத்தில் வெட்டுக்கு வந்துவிடும். அவ்வளவு வேகமாக வளர்வதால் ஒரே மரத்தில் உட்பக்கம் ஒரு எடை, வெளிப்பக்கம் வேறு எடை. கன மீட்டருக்கு 60 கிலோவுக்கும் பால்சா உண்டு, 300 கிலோவுக்கும் உண்டு. ஒரே கட்டில், ஒரே விலையில், பக்கத்துப் பக்கத்தில் இரண்டும் இருக்கும். போதாக்குறைக்கு, காற்றாலை இறக்கைகளின் உள்ளே வைக்கவும் பால்சாதான் போகிறது. 2020 வாக்கில் அந்தத் தேவை ஏறியதிலிருந்து நல்ல இலகுவான ஷீட் கிடைப்பதே பாடாகிவிட்டது. உறையின் மேல் “லைட்” என்று அச்சடித்திருந்தால் அதை அப்படியே நம்ப வேண்டாம்.

0.1 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று போதும். 3 அங்குல அகலம், 36 அங்குல நீளம், 1.5 மி.மீ. தடிப்புள்ள ஷீட்டின் கன அளவு சுமார் 105 கன சென்டிமீட்டர். அதனால் கணக்கு சுலபம். தராசு காட்டும் கிராமுக்குப் பின்னால் ஒரு பூஜ்யம் சேர்த்தால், கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்பது கிட்டத்தட்ட வந்துவிடும். 10 கிராம் காட்டினால் 100 கிலோ மரம். 16 கிராம் என்றால் 160. 24 கிராம் என்றால் அது இரும்பு போன்ற பால்சா. 3 மி.மீ. ஷீட்டாக இருந்தால் காட்டும் எடையைப் பாதியாக்கிவிட்டுப் பூஜ்யம் சேருங்கள். நம் ஆசாரிமார் கணக்கில் ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 3 மி.மீ. நம்முடைய 1.5 மி.மீ. ஷீட் அரை நூல். “அரை நூல் தடிப்புல மரமா, அப்பளமா தம்பி?” என்று எங்கள் தெரு ஆசாரி முதல் தடவை பார்த்தபோது கேட்டார்.

வாங்கி வந்த அன்றே ஒவ்வொரு ஷீட்டையும் நிறுத்து, ஓரத்தில் பென்சிலால் கிராமை எழுதிவிடுவேன். பிறகு மூன்று கட்டு. 110-க்குக் கீழே இருப்பது வாலுக்கும் இறக்கை நுனிக்கும், இறக்கைக்கு வடிவம் கொடுக்கும் குறுக்குத் துண்டுகளான ரிப்புகளுக்கும். 110 முதல் 160 வரை பாடியின் பக்கங்களுக்கும் இறக்கைப் போர்வைக்கும். அதற்கு மேலே போவது, இறக்கையின் நீளத்துக்கு ஓடிச் சுமையைத் தாங்கும் பட்டியான ஸ்பாருக்கும், இறக்கையின் முன்விளிம்புக்கும். கனமான ஷீட் வந்துவிட்டதே என்று வருத்தப்பட வேண்டாம், அதற்கும் விமானத்தில் இடம் இருக்கிறது.

ரேகை பார்ப்பது

வாள் எந்தப் பக்கமாக ஓடியதோ அதைப் பொறுத்து ஷீட்டின் குணம் மாறும். ஷீட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். நீளமான கோடுகள் மட்டும் ஓடினால் அது ஏ-கிரெயின். அகலவாக்கில் மெதுவாக வளைத்தால் குழாய் போலச் சுருண்டு கொடுக்கும். மீன் செதில் மாதிரி குட்டிக் குட்டி மினுமினுப்பு தெரிந்தால் அது சி-கிரெயின். அதை அகலவாக்கில் வளைக்கப் பார்த்தால் விறைப்பாக நிற்கும், மேலும் வளைத்தால் அப்பளம் போலக் கீறிவிடும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது பி-கிரெயின், பெரும்பாலான ஷீட்டுகள் இந்த ரகம்தான். வளைய வேண்டிய இடத்துக்கு ஏ, தட்டையாக நிற்க வேண்டிய இடத்துக்கு சி. இதை மாற்றிப் போட்டால் என்ன நடக்கும் என்பதுதான் கீழே வரும் பாதிக் குறைகள்.

மூக்கில் எவ்வளவு களிமண் வைத்தாலும் போதவில்லை

விமானத்தை விட்டதும் மூக்கைத் தூக்குகிறது, நிற்கிறது, சரிகிறது, மறுபடி தூக்குகிறது. களிமண் வைக்கிறீர்கள். இன்னும் தூக்குகிறது. இன்னும் வைக்கிறீர்கள். கடைசியில் ஒருவழியாகப் பறக்கிறது, ஆனால் கல்லைப் போல இறங்குகிறது.

வால் கனம். இதில் நிதானமாக ஒரு கணக்குப் பார்ப்போம், ஏனென்றால் நான் பார்த்த கிளைடர்களில் அதிகமாக இருந்த குறை இதுதான். இறக்கையின் கீழே விமானம் சமன்படும் புள்ளியிலிருந்து மூக்கு 15 செ.மீ. முன்னால் இருக்கிறது, வால் 45 செ.மீ. பின்னால் இருக்கிறது என்று வையுங்கள். வால் மூன்று மடங்கு தூரம். அப்படியானால் வாலில் ஒரு கிராம் கூடினால் அதைச் சமன்செய்ய மூக்கில் 3 கிராம் வேண்டும். ஆக விமானத்தில் ஏறுவது 4 கிராம்.

ஒரு பையன் கொண்டுவந்த ஒரு மீட்டர் கிளைடரில் வாலின் பரப்பு, படுக்கையும் செங்குத்தும் சேர்த்து, 300 சதுர சென்டிமீட்டர். ஒரு நூல் ஷீட்டில் வெட்டியிருந்தான். கன அளவு 90. அவன் போட்டது 160 கிலோ மரம்: 14.4 கிராம். என் கட்டிலிருந்து 95 கிலோ ஷீட் ஒன்றை எடுத்து அதே அளவில் வெட்டினோம்: எட்டரை கிராம். வித்தியாசம் 6 கிராம்தான். ஆனால் மூக்கிலிருந்து 18 கிராம் களிமண்ணைப் பிய்த்து எடுக்க முடிந்தது. 150 கிராம் விமானத்தில் 24 கிராம் குறைந்தது, அதாவது ஆறில் ஒரு பங்கு. எடுத்த களிமண்ணை அவன் உள்ளங்கையில் உருட்டி வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு பெரிய நெல்லிக்காய் அளவு இருந்தது.

அதனால் செய்ய வேண்டியது: வாலை வெட்டி எடுங்கள், கூச்சப்பட வேண்டாம். உங்களிடம் இருப்பதிலேயே இலகுவான ஷீட், அதுவும் சி-கிரெயின், வாலுக்குத்தான் போக வேண்டும். ஷீட் முழுக்க ஒரே எடை இல்லாவிட்டால், இரண்டாக நறுக்கித் தனித்தனியாக நிறுத்து, இலகுவான பாதியை எடுங்கள். புதிதாக வெட்ட வழியில்லை என்றால் வாலின் நடுப்பகுதியில் முக்கோணமாகத் துளைகள் வெட்டி மெல்லிய தாள் ஒட்டலாம். உப்புத்தாளால் ஓரங்களைத் தேய்த்து மெலிதாக்கினாலும் ஒரு கிராம் போகும். வாலுக்குப் பெயின்ட் அடிக்காதீர்கள். பெயர் எழுத ஆசை என்றால் இறக்கையில் எழுதுங்கள்.

எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்து திரும்புகிறது

முறுக்கு இருக்கிறதா என்று முதலில் பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். இல்லை என்றால், மூக்கையும் வாலையும் இரண்டு விரல் நுனியில் தாங்கிப் பிடியுங்கள். ஒரு இறக்கை மெதுவாகக் கீழே போகிறதா? அந்தப் பக்கம் கனமான ஷீட் போய்விட்டது.

இலகுவான இறக்கையின் நுனியில் ஒரு சின்ன ஆணியோ குண்டூசியோ செருகிச் சமன்செய்யலாம், இன்றைக்கு அது போதும். அடுத்த தடவை, இடது ரிப்பையும் வலது ரிப்பையும் ஒரே ஷீட்டில் பக்கத்துப் பக்கத்தில் வெட்டுங்கள். ஸ்பார் இரண்டையும் ஒரே ஷீட்டிலிருந்து உரியுங்கள். ஜோடி ஜோடியாக நிறுத்துவிட்டு ஒட்டுங்கள். மாடு பிடிக்கிறவர் ஜோடி பார்ப்பதில்லையா, ஒரு பக்கம் இழுத்தால் ஏர் கோணும் என்று? அதே பார்வைதான் இங்கேயும் வேண்டும்.

வீசிய வேகத்தில் இறக்கை நடுவில் மடிகிறது

கயிற்றில் இழுத்து ஏற்றும்போதோ, கையால் ஓங்கி வீசும்போதோ, “படக்” என்று ஒரு சத்தம். இரண்டு இறக்கையும் கைகூப்பியது போல மேலே மடிந்துவிடும்.

உடைந்த துண்டைத் தூக்கிப் போடாதீர்கள். என்ன நடந்தது என்பது அந்த முனையில்தான் இருக்கிறது. வெயிலில் வைத்துப் பக்கத்திலிருந்து பாருங்கள்.

முனை நீள நீளமான சிம்புகளாக, துடைப்பம் பிரிந்தது போல இருந்தால், மரம் நல்ல மரம். சுமைதான் அதிகம். ஸ்பாரின் அளவு போதவில்லை.

வறுக்கியை உடைத்தது போல மொட்டையாக, சிம்பே இல்லாமல் உடைந்திருந்தால், மரம் சவலை. ஸ்பாருக்குப் போகவே கூடாத மென்மையான துண்டு அது.

சாய்வாக, பேனா நிப்பு போலப் பிளந்திருந்தால் நார் ஓட்டம் கோணல். மரத்தில் நார் ஒரு திசையில் ஓடியிருக்கிறது, நீங்கள் உரித்த பட்டி வேறு திசையில் போயிருக்கிறது. எவ்வளவு கனமான பால்சாவாக இருந்தாலும் இது பிளக்கும். முழு அளவு விமானங்களுக்கு ஸ்ப்ரூஸ் மரம் எடுக்கும்போது 15 அங்குல நீளத்துக்கு 1 அங்குலத்துக்கு மேல் நார் சாயக் கூடாது என்பது விதி. நம்முடைய 3 மி.மீ. பட்டிக்கு அதைவிடக் கண்டிப்பாக இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் மைப் பேனாவால் ஒரு சொட்டு வையுங்கள். மை நாரோடுதான் ஓடும். பட்டியின் விளிம்புக்கு இணையாக ஓடினால் எடுங்கள், விளிம்பை நோக்கி ஓடினால் ரிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். உடைவு மேல் ஸ்பாரில் தொடங்கியதா, கீழ் ஸ்பாரிலா? பெரும்பாலும் மேலேதான். காற்று இறக்கையை மேலே தூக்கும்போது மேல் ஸ்பார் நசுங்குகிறது, கீழ் ஸ்பார் இழுபடுகிறது. மரம் இழுவையைத் தாங்கும் அளவில் ஏறத்தாழ பாதியைத்தான் நசுக்கலில் தாங்கும். உடையாத இறக்கையிலும் மேல் ஸ்பாரின் மேல் நகத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். தலைமுடி கனத்தில் குறுக்கே ஒரு மடிப்பு தட்டுப்பட்டால், அது ஏற்கெனவே நசுங்கிவிட்டது. அடுத்த வீச்சில் போய்விடும். அப்படிப்பட்ட இறக்கையை அன்றைக்கு மறுபடி வீச வேண்டாம்.

அதனால் இருப்பதில் கெட்டியான பட்டி மேலே, அடுத்தது கீழே. இரண்டு ஸ்பாருக்கும் நடுவில் 1.5 மி.மீ. பால்சாவால் சுவர் வையுங்கள். அந்தச் சுவரில் நார் செங்குத்தாக நிற்க வேண்டும், இறக்கையின் நீளத்தோடு ஓடக் கூடாது. வெறும் இரண்டு பட்டிக்கும், நடுவில் சுவர் வைத்த இரண்டு பட்டிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கையில் வளைத்துப் பார்த்தால் உடனே தெரியும். இறக்கையின் நடுவிலிருந்து பாதித் தூரம் வரைக்குமாவது இந்தச் சுவர் இருக்கட்டும். ஏறும் எடை இரண்டு மூன்று கிராம்தான்.

பால்சாவே வேண்டாம் என்றால் பைன். ஓசூர் சிப்காட் பக்கம் இயந்திரங்கள் வந்து இறங்கும் மரப்பெட்டிகளைப் பிரித்துப் பழைய மரக்கடைகளில் விற்கிறார்கள். அதில் கணு இல்லாமல் நேராக ஓடும் பலகை ஒன்று கிடைத்தால் பத்து இறக்கைக்கு ஸ்பார் ஆகும். 3×3 மி.மீ. பைன் பட்டி ஒரு மீட்டருக்குச் சுமார் நாலரை கிராம்தான். பெட்டியில் தீ முத்திரை போல ஒரு குறி இருக்கும். அதில் ஹெச்.டி. என்று இருந்தால் மரத்தைச் சூடாக்கிப் பதப்படுத்தியிருக்கிறார்கள், எடுக்கலாம். எம்.பி. (MB) என்று இருந்தால் புகை மருந்து போட்டது, வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.

முன்விளிம்பு வளைவில் ஷீட் கீறிக்கொள்கிறது

இறக்கையின் முன்விளிம்பைச் சுற்றி ஷீட்டைப் போர்த்தும்போது நீளவாக்கில் விரிசல் விடுகிறது. எடுத்தது சி-கிரெயினாக இருக்கும். வளைவுக்கு ஏ-கிரெயின்தான்.

வளைக்கும் முன் வெளிப்பக்கம் மட்டும் ஈரத்துணியால் துடையுங்கள். நனைந்த பக்கம் உப்புவதால் ஷீட் தானாகவே உள்பக்கமாகச் சுருள ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் ஒரு பிவிசி குழாயின் மேல் வைத்து, பழைய வேட்டித் துணியை நாடாவாகக் கிழித்துச் சுற்றி, ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் வளைவு நிற்கும். ரப்பர் பேண்ட் போட்டால் ஈர மரத்தில் தழும்பு விழும்.

நேற்று நேராக இருந்த இறக்கை இன்று முறுக்கிக்கொண்டது

நம் பக்கத்தில் பங்குனி, சித்திரையில் காற்று எலும்பாகக் காய்ந்திருக்கும். ஐப்பசியில் துணியே காயாது. மரம் இரண்டையும் உணரும். 100 கிராம் மரம் மழைக்காலத்தில் ஐந்தாறு கிராம் ஈரத்தைக் கூடுதலாக வாங்கிக்கொள்வது சாதாரணம். அது முழுக்க ஒரே மாதிரி உப்பினால் பிரச்சினை இல்லை. முன்விளிம்பு கனமான மரம், பின்விளிம்பு சவலை மரம், ஒரு ரிப் ஏ-கிரெயின், அடுத்தது சி-கிரெயின் என்று கலந்திருந்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவுக்கு நகரும். இறக்கை முறுக்கிக்கொள்ளும்.

மெல்லிய ஷீட்டில் ஒரு பக்கம் மட்டும் ஃபெவிகால் பூசினாலும் இதே கதைதான். அதில் இருக்கும் தண்ணீர் அந்தப் பக்கத்தை உப்பவைத்து, காயும்போது இழுத்துவிடும். பெரிய பரப்பை ஒட்டும்போது கண்ணாடிப் பலகையின் மேல் வைத்து மேலே கனம் ஏற்றுங்கள், மறுநாள் வரை எடுக்காதீர்கள்.

முறுக்கிவிட்ட இறக்கையைக் காப்பாற்றலாம். தாள் ஒட்டிய இறக்கை என்றால் இட்லிக் குண்டான் போதும். ஆவி வரும் இடத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் இறக்கையைக் காட்டி, முறுக்கியதற்கு எதிர்த்திசையில், தேவைக்குச் சற்று அதிகமாகவே திருப்பிப் பிடியுங்கள். அரை நிமிடம். பிறகு ஆவியிலிருந்து விலக்கி, ஆறும் வரை கையைத் தளர்த்தாமல் இருங்கள். தளர்த்தியதும் கொஞ்சம் திரும்பி வரும். பார்த்துவிட்டு மறுபடி செய்யலாம். அவசரப்பட்டு ஒரே தடவையில் முழுதாகத் திருப்பினால் ரிப் பசை விட்டுவிடும். பிளாஸ்டிக் ஃபிலிம் ஒட்டிய இறக்கை என்றால் ஆவி உள்ளே போகாது, இஸ்திரிப் பெட்டியைக் குறைந்த சூட்டில் வைத்து அதே மாதிரி திருப்பித் தேய்க்க வேண்டும்.

இரண்டு இறக்கையின் நுனியிலும் பின்விளிம்பு ஒரு மில்லிமீட்டர் மேலே தூக்கியிருந்தால் அதை முறுக்கு என்று நேராக்கிவிடாதீர்கள். இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் அது நல்லது. வேகம் குறையும்போது நுனி முதலில் சரியாமல் காக்கும்.

ஷீட்டுகளைச் சுவரில் சாய்த்து வைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். கட்டில் பலகையின் அடியில் தட்டையாக, மேலே இரண்டு தடித்த புத்தகம். ஓசூர், தளி மாதிரி காலையில் பனி இறங்கும் ஊர்க்காரர்கள் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைப்பது நல்லது.

வேகமாக இறங்கும்போது வால் படபடக்கிறது

காற்றாடி வால் போல ஒரு “பர்ர்” சத்தம் வந்தால் வால் இலகுவாக இருக்கிறது, ஆனால் விறைப்பு இல்லை. ஏ-கிரெயினில் வால் வெட்டியிருக்கிறீர்கள். அதே எடையில் சி-கிரெயின் போட்டாலே நின்றுவிடும். இல்லாவிட்டால் வாலின் இரண்டு முனையிலும் நார் குறுக்கே ஓடும்படி ஒரு மெல்லிய பட்டி ஒட்டுங்கள். அது சரியாகும் வரை விமானத்தை உயரத்திலிருந்து வேகமாக இறக்க வேண்டாம். படபடப்பு ஒரு நொடியில் வாலைப் பிய்த்துவிடும்.

ரிப் வெட்டும்போது முனை உதிர்கிறது

பிளேடு மழுங்கிவிட்டது. மாற்றுங்கள். புதுப் பிளேடிலும் உதிர்ந்தால் மரம் 80 கிலோவுக்குக் கீழே இருக்கும், ரிப்புக்கு அது மிகவும் மெத்து. ரிப்பில் நார் முன்னாலிருந்து பின்னால் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் கையில் எடுக்கும்போதே ஒடியும். முனையிலிருந்து நடுவை நோக்கி வெட்டினால் சிம்பு எழாது.

விரல் பட்டுப் பள்ளம் விழுந்தால் அந்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து, ஈரத்துணிக்கு மேலே இஸ்திரிப் பெட்டியின் நுனியை ஒரு நொடி தொட்டு எடுங்கள். நசுங்கிய நார் எழும்பிவிடும். கிழிந்த நார் எழும்பாது.

மோட்டாரோ சக்கரமோ பிடுங்கிக்கொண்டு வருகிறது

பால்சா திருகாணியைப் பிடிக்காது. எவ்வளவு கனமான பால்சாவாக இருந்தாலும் சரி. மோட்டார் உட்காரும் பலகை, சக்கரக் கம்பி நுழையும் இடம், இறக்கை போல்ட் ஏறும் இடம், மூன்றுக்கும் 3 மி.மீ. பர்ச் (birch) மரப் பிளைவுட். கடையில் அலமாரிக்கு விற்கும் சாதாரணப் பிளைவுட்டில் நடுவில் ஓட்டை இருக்கும், சரியாகத் திருகாணி போகும் இடத்தில்தான் இருக்கும். பர்ச் கிடைக்காவிட்டால் ஐஸ் குச்சிகளை நார் குறுக்கும் நெடுக்குமாக மூன்று அடுக்கு ஒட்டிக்கொள்ளலாம். சின்ன மோட்டாருக்கு அது தாங்குகிறது.

துளை தளர்ந்துவிட்டால் ஃபெவிகுயிக் இரண்டு சொட்டு விட்டு, நன்றாகக் காய்ந்த பிறகு திருகாணியை ஏற்றுங்கள். நார் இறுகிவிடும். பருத்தித் துணியில் அது சிந்தினால் சூடு கிளம்பும், கையுறைக்குப் பதில் துணி சுற்றிக்கொண்டு வேலை செய்ய வேண்டாம்.

பால்சா கிடைக்கவில்லை, அல்லது கட்டுப்படியாகவில்லை

பால்சா வாங்க நாங்கள் பெங்களூருதான் போகிறோம். தருமபுரியிலோ அரூரிலோ இருக்கும் ஒரு எட்டாம் வகுப்புப் பையனுக்கு அது பெரிய செலவு. அவன் பறக்கவிடாமல் இருக்க வேண்டியதில்லை. நம் மண்ணிலேயே இலகுவானது இருக்கிறது.

சோளத்தட்டையில் வண்டி செய்து விளையாடியவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும். தட்டையின் தோலை உரித்தால் உள்ளே வெள்ளையாக நெட்டி. நெட்டிக்கு எடையே இல்லை, பலமும் இல்லை. தோலுக்குப் பலம் இருக்கிறது, நிற்கத்தான் முடியாது. தோல் சிம்புகளை நெட்டியில் குத்தி இணைத்தால் வண்டி நிற்கிறது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷார் கட்டிய மஸ்கிட்டோ விமானத்தின் உடலும் இந்த முறைதான்: உள்ளே பால்சா, வெளியே இரண்டு பக்கமும் பர்ச் பிளைவுட். அது முதலில் பறந்தது 1940 நவம்பர் 25-ஆம் தேதி. நம் பிள்ளைகள் காட்டில் உட்கார்ந்து செய்த வண்டியில் அந்த அறிவு ஏற்கெனவே இருக்கிறது. ஒரு சாண் இறக்கை உள்ள குட்டி கிளைடருக்குச் சோளத்தட்டையே போதும்.

அதைவிடப் பெரிதாகச் செய்ய ஆனைக்கற்றாழை. வேலியோரத்திலும் ரயில் பாதையோரத்திலும் பார்த்திருப்பீர்கள். வாழ்நாளில் ஒரே தடவை, கம்பம் மாதிரி இருபது அடி உயரத்துக்குப் பூந்தண்டு விடும், பிறகு செடி செத்துப்போகும். அப்படி நின்றபடியே காய்ந்த தண்டைத்தான் எடுக்க வேண்டும். பச்சைச் செடியின் சாறு பட்டால் தோல் அரிக்கும், அதைத் தொட வேண்டாம். காய்ந்த தண்டைத் தோளில் தூக்கினால் ஆச்சரியமாக இருக்கும், அத்தனை நீளத்துக்கு அந்த எடைதான். வாளால் நீளவாக்கில் பிளந்தால் வெளியே ஒரு விரல் கனத்துக்குக் கெட்டியான ஓடு, உள்ளே தெர்மாகோல் போன்ற சோறு. ஓட்டை ஒட்டிய பகுதியைப் பட்டியாக உரித்தால் இறக்கையின் முன்விளிம்புக்கு ஆகும். உள்சோறு இறக்கை நுனிக்கும் மூக்குக் கட்டைக்கும் செதுக்க நன்றாக வரும். ஆனால் ஸ்பாருக்கு மட்டும் சோற்றுப் பகுதியைப் போடாதீர்கள், இழுவை தாங்காது.

கல்யாண முருங்கையும் நல்ல இலகு மரம், தேக்கின் எடையில் பாதிக்கும் குறைவு. வேலியில் நிற்கும், இலையை வடைக்குப் பறிப்பார்கள். பால்சாவுக்கு ஈடாகாது, மெல்லிய ஷீட்டாக அறுக்க வராது. ஆனால் மூக்குக் கட்டையும் விமானி உட்காரும் கூண்டும் செதுக்க அருமையாக இருக்கும். பச்சையாக வெட்டியதை உடனே செதுக்கினால் வெடிக்கும், நிழலில் ஒரு மாதம் போட்டுவைக்க வேண்டும்.

அப்புறம் மூங்கில். கூடை முடைகிறவர்களிடம் கேட்டால் பட்டை ஓரத்தில் உரித்த சிம்பு கொடுப்பார்கள். போச்சம்பள்ளிச் சந்தையில் கூடை, முறம் விற்கிறவர்களிடம் நான் வாங்கியிருக்கிறேன். மூங்கில் கனம்தான், அதனால் ஒரு மில்லிமீட்டர் சிம்பாகத்தான் எடுக்க வேண்டும். இறக்கை நுனியின் வளைவுக்கும், தரையில் உரசும் அடிப்பட்டைக்கும், தேவைப்பட்டால் கற்றாழைப் பட்டியின் மேலும் கீழும் ஒட்டி ஸ்பாராக்கவும் இதற்கு இணை இல்லை. பட்டைப் பக்கம் எப்போதும் வெளியே இருக்கட்டும், பலமெல்லாம் அங்கேதான். வளைக்க மெழுகுவத்திச் சுடருக்கு மேலே ஒரு அங்குலத்தில் மெதுவாக நகர்த்திக்கொண்டே இருங்கள். கருகக் கூடாது. பட்டை லேசாக வியர்த்தது போலப் பளபளக்கும்போது வளைத்து, ஆறும் வரை பிடித்தால் அப்படியே நிற்கும்.

பறக்கவிடும் இடத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஓசூருக்குப் பக்கத்தில் பேளகொண்டப்பள்ளியில் விமான ஓடுதளம் இருக்கிறது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்கள் மோட்டார் வைத்த விமானத்தை அங்கே தூக்கக் கூடாது. ட்ரோன் போன்றவற்றை எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் ஊர் எந்த நிறத்தில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

ஆடி மாதத்தில் புது மரத்தைச் சோதிக்க வேண்டாம். அம்மியே பறக்கும் காற்றில் எந்தக் குறை மரத்தால், எந்தக் குறை காற்றால் என்று பிரித்துப் பார்க்க முடியாது. அந்த மாதத்தில் ஷீட்டுகளை நிறுத்து, பென்சிலால் எழுதி, கட்டுக் கட்டி வையுங்கள். கற்றாழைத் தண்டு ஏதாவது சாய்ந்து கிடந்தால் நிலத்துக்காரரிடம் கேட்டு எடுத்துவந்து, மழை படாமல் திண்ணைக்கு மேலே குறுக்கே செருகி வையுங்கள். மழையெல்லாம் நின்று தை பிறக்கும்போது அறுக்கலாம்.